மடக்குத் துவக்கு: 410 போதுமா, 20 போர் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். வடக்கு ஒன்ராறியோவில் கிரவுஸ் கோழிக்கும் பனிமுயலுக்கும், முதுகுப்பைக்குள் வைத்து நாள் முழுக்க நடக்க ஒரு மடக்கும் ஒற்றைக்குழல் சொட்கன் தேடுகிறேன். குழல் அளவு சிறிய 410 ஆ, பெரிய 20 போரா (bore) என்பதுதான் குழப்பம். உரிமமும் சிறுவேட்டை அனுமதியும் உண்டு. இரண்டு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. பழைய இத்தாலியத் துவக்கு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது; குழலில் 36, 63.5 என்று அடித்திருக்கிறது. துருக்கியின் யில்டிஸ் டி.கே.36 இலும் ஒரு கண். எதை எடுக்கலாம்? பழையதில் எதைச் சோதிப்பது? கரடி வந்தால் உதவுமா?

பதில் 1

36 என்பதும் 410 என்பதும் ஒரே குழல் அளவுதான், ஐரோப்பாவில் அப்படி அடிப்பார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது 63.5. அது தோட்டா அறையின் நீளம், மில்லிமீற்றரில். அதாவது இரண்டரை அங்குலம். மூன்று அங்குலத் (76 மி.மீ) தோட்டாவைப் போட்டாலும் உள்ளே போகும், துவக்கும் பூட்டும். ஆபத்தே அதில்தான். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். அறை குட்டையாக இருந்தால் அந்த வாய் குழலின் ஒடுங்கிய கழுத்துக்குள் போய் விரியும், அமுக்கம் ஏறும். மெல்லிய பூட்டுள்ள (குழலின் பின்வாயை மூடித் தாங்கும் பகுதி) மடக்குத் துவக்கு அதைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. இரண்டரை அங்குலம் மட்டும் போடுங்கள்.

அதில் அரை அவுன்ஸ் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்), 6ஆம் இலக்கப் பருமனில் ஏறத்தாழ 110. மூன்று அங்குலத்தில் 11/16 அவுன்ஸ், ஏறத்தாழ 150. 410 இல் 25 மீற்றருக்கு அப்பால் சுடாதீர்கள். சன்னங்களுக்கிடையே இடைவெளி கூடி, முயல் காயத்தோடு பற்றைக்குள் போய்விடும். டி.கே.36 அலுமினியப் பூட்டுடன் ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும், அறையும் மூன்று அங்குலம். நிறைதான் முக்கியமென்றால் அதுவே சரி.

பதில் 2

நான் 20 போர் பக்கம். 7/8 அவுன்ஸ், ஏறத்தாழ 195 சன்னம். கிரவுஸ் நிலத்தில் நிற்கும்போது 410 போதும், பறந்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் இரண்டு கிலோவுக்குள் 20 போர் கேட்காதீர்கள். அதே தோட்டாவுக்குத் துவக்கின் நிறை பாதியானால் பின்னுதையின் சக்தி இரட்டிப்பாகும். 2.3 முதல் 2.7 கிலோ வரை தோளுக்குப் பரவாயில்லை. அந்த நிறையில் இன்னும் பெரிய 12 போர் வேண்டவே வேண்டாம்.

எதை வாங்கினாலும் 20 மீற்றரில் பெரிய தாள் கட்டி, 76 செ.மீ வட்டம் கீறி, மூன்று வகைத் தோட்டாவையாவது சுட்டுப் பாருங்கள். சோக் (குழல் வாயின் ஒடுக்கம்) பொருத்தமாக இருப்பதை வட்டத்துக்குள் விழுந்த எண்ணிக்கைதான் சொல்லும்.

பதில் 3

பழையதைச் சோதிக்கும் முறை: முதலில் அறை வெறுமை என்று கண்ணால் பாருங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றுங்கள். இதை மறக்க வேண்டாம், முன்கட்டை இறுக்கிப் பிடித்து பிணைச்சல் தேய்வை மறைத்துவிடும். பூட்டிய நிலையில் குழலையும் பிடங்கையும் (தோளில் வைக்கும் கட்டை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழலின் பின்வாய்க்கும் பூட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்றுத் தெரியக்கூடாது. மடக்குத் துவக்கில் முழு ஓட்டமும் ஒரே பிணைச்சல் ஆணியில் நடக்கிறது. உதறிப் பூட்டுகிறவர்கள் கையில் அது சீக்கிரம் தேயும்.

அடுத்தது குதிரை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியல். அதை இறக்கிவிட்டால் ஊசிமுனை பூட்டின் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நீட்டினால், தோட்டா போட்டபடி கீழே விழும்போது வெடிக்கலாம். குழலை வெளிச்சத்தில் பார்த்து, உட்சுவரில் வளையம்போல நிழல் விழுந்தால் அது வீங்கிய குழல். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பதில் 4

கரடிக்கு 410 உதவாது, இடுப்பில் கரடி ஸ்ப்ரே வையுங்கள். பைக்குள் மடித்த துவக்கை எடுத்து, விரித்து, தோட்டா போடும் நேரத்தைக் கரடி தராது.

மடித்தால் குட்டையாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். கனடாச் சட்டத்தில் 660 மி.மீக்குக் குறைந்தால் கட்டுப்படுத்தப்பட்ட வகை என்ற நீள எல்லை, மடித்த நிலையிலும் சுடக்கூடிய துவக்குக்கு. இது மடித்தால் சுடாது, ஆகவே அந்த வகைக்குள் வராது. ஆனால் பைக்காகக் குழலை 457 மி.மீக்குக் கீழே வெட்டினால் தடைசெய்யப்பட்ட துவக்கு ஆகிவிடும். வாகனத்தில் தோட்டா கழற்றி. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு உறைக்குள்.

மடித்தால் பின்வாய் திறந்தே கிடக்கும். பனியோ இலைத்தூளோ உள்ளே போகும். அடைத்த குழலில் சுட்டால் வீங்கும், வெடிக்கும். மெல்லிய துணிப்பையில் போட்டு, விரித்ததும் குழலுக்குள் ஒருமுறை பாருங்கள். பிடங்கில் குழல் உரசும் இடத்தில் ஒரு துண்டுத் தோல் ஒட்டலாம்.

கேட்டவர்

நன்றி. வெடித்த கோது (தோட்டாவின் வெற்று உறை) அறைக்குள் இறுகினால்?

பதில் 3

மடக்குத் துவக்குகளில் பெரும்பாலும் கோது வெளியே பாயாது, சற்றுத் தூக்கிவிடும், அவ்வளவுதான். அறையில் பிளாஸ்ரிக் படிந்தால் நகத்தால் இழுத்தும் வராது. வாய்ப்பக்கத்தால் தள்ள மூன்று துண்டுத் துப்புரவுக் கம்பி கொண்டுபோங்கள். கடுங்குளிரில் பிணைச்சலுக்குக் கிறீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்.