தில்லியா, லக்னோவா? உருதுக் கவிதையில் எந்தப் பள்ளி, அதாவது எந்த ஊரின் கவி மரபு, பெரிது?

கஸல்பித்தன்:
யார் என்ன சொன்னாலும் உருதுக் கவிதை என்றால் எனக்குத் தில்லிதான். மீர், தர்த், மோமின், காலிப் என்று யாரை எடுத்தாலும் ஒவ்வொரு ஈரடியும் நெஞ்சைத் தொடுகிறது. 1739இல் பாரசீக அரசன் நாதிர் ஷா ஊரைச் சூறையாடினான், அப்புறம் ஆப்கன் அரசன் அப்தாலி வந்தான், அதையெல்லாம் கண்ணால் பார்த்த மீர், தர்த் தலைமுறை எழுதியதில் வலி இல்லாமல் இருக்குமா? லக்னோவில் நவாப் தயவு இருந்தது, சோற்றுக்குக் கவலையில்லை, அதனால் காதலியின் சீப்பு, கண்மை, ரவிக்கை என்று சிலேடை பாடிக்கொண்டிருந்தார்கள். லக்னோக் கவிஞர் நாசிக்கைப் படித்தால் மூளைக்கு வேலை இருக்கிறது, மனசுக்கு ஒன்றுமில்லை.

கோமதிக்கரை:
மீரை எப்படித் தில்லிக் கணக்கில் மட்டும் எழுதுகிறீர்கள்? 1782இல் லக்னோ போனவர், 1810இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். இன்னொரு தில்லிக் கவிஞர் சௌதா இறந்ததும் லக்னோவில். கவிஞர்கள் முஸ்ஹஃபியும் இன்ஷாவும் தில்லியை விட்டு அங்கே போனவர்கள், அந்த முஸ்ஹஃபியின் மாணவர்தான் ஆத்திஷ். சொற்களைக் கோப்பது நகைக்குக் கல் பதிப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை, கவிதையும் ஒரு பொற்கொல்லர் வேலைதான் என்று பாடியவர் அவர். இதில் என்ன தவறு? நீங்கள் மட்டம் தட்டுகிற நாசிக்கையே காலிப் தன் கஸலில் (ஈரடிகளால் ஆன கவிதையில்) பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். ‘மீரை நம்பாதவனுக்குத்தான் கொடுப்பினை இல்லை’ என்று நாசிக் பாடிய அடியை எடுத்து, என் நம்பிக்கையும் இதுவே என்கிறார். தில்லியின் பெருங்கவி, லக்னோக்காரர் வாக்கால் மீரைப் போற்றுகிறார். சுவர் எங்கே இருக்கிறது?

கஸல்பித்தன்:
காலிப் மதித்தது மீரை, அதற்கு நாசிக் ஒரு சாட்சி, அவ்வளவுதான். இடம் மாறினால் மனசு மாறிவிடுமா? லக்னோ முஷாயிராவில் (கவியரங்கத்தில்) மீரின் பழைய உடையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, அழிந்துபோன தில்லியைச் சொல்லி அவர் பதில் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

கோமதிக்கரை:
அந்தக் கதையைப் பரப்பிய புத்தகம் முகம்மது ஹுசைன் ஆசாதின் ‘ஆபே ஹயாத்’, 1880இல் வந்தது. மீர் இறந்து எழுபது வருடம் கழித்து! ஆசாத் தில்லிக்காரர், தில்லிக் கவிஞர் சௌக்கின் சீடர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பழைய கவிதையைப் பார்த்துக் கூச்சப்பட ஆரம்பித்த காலம் அது. 1893இல் கவிஞர் ஹாலியும் அலங்காரத்தைச் சாடி எழுதினார், மொத்தப் பழியும் லக்னோ தலையில் விழுந்தது. சரி, மனசில்லை என்கிறீர்களே, லக்னோக் கவிஞர் அனீஸின் மர்சியா (கர்பலா தியாகிகளுக்கான இரங்கற்பா) ஒன்றையாவது முழுதாகப் படித்தீர்களா? ஆறடி ஆறடியாகப் போகும். வாள் வீச்சுக்கும் குதிரைப் பாய்ச்சலுக்கும் அடுக்கடுக்காக உவமை வரும், நீங்கள் குறை சொல்லும் அதே லக்னோ வித்தைதான். கர்பலாவில் அண்ணன் ஹுசைனுக்கு விடைகொடுக்கும் ஸைனப், லக்னோ வீட்டுப் பெண் பேசுகிற மாதிரிப் பேசுவார். கேட்பவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த அலங்காரம்தான் அழவைக்கிறது.

தக்காணத்தான்:
இரண்டு பேரும் தெற்கை மறந்தே போனீர்கள். ஹைதராபாத்தைக் கட்டிய குலி குதுப் ஷா 1611இல் இறப்பதற்குள் ஒரு முழுத் திவானுக்கு (கவிதைத் தொகுப்புக்கு) உருதுவில் பாடிவிட்டார், அப்போது தில்லிப் புலவர்களுக்குப் பாரசீகம்தான் பெருமை. வலி என்ற தக்காணக் கவிஞர் 1700இல் தில்லி போனார், பின்னால் அவர் திவானும் போய்ச் சேர்ந்தது, அதற்கப்புறம்தான் அங்கே உருது கஸல் சூடுபிடித்தது. நம் வேலூரிலேயே 18ஆம் நூற்றாண்டில் பாகர் ஆகா தக்கணியில் (தக்காணத்து உருதுவில்) எழுதினார். வரலாற்றில் அவர்களுக்கு ஒரு முன்னுரை, உங்கள் இரண்டு ஊர்களுக்கு மட்டும் மிச்சப் புத்தகமா?

கஸல்பித்தன்:
கவிஞர் வலி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அனீஸையும் தலைவணங்கி ஏற்கிறேன், ஆனால் அது மர்சியா. கஸலில் மீருக்குப் பக்கத்தில் நிறுத்த லக்னோவில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் காட்டுங்கள்.

கோமதிக்கரை:
ஆத்திஷ். ஃபைசாபாத்தில் பிறந்து லக்னோவில் கவிஞராகப் புகழ்பெற்றவர், ஃபக்கீர் மாதிரி எளிமையாக வாழ்ந்தவர். இன்று ராத்திரி அவர் திவானை எடுங்கள், நாளைக்குப் பேசுவோம்.