நவம்பர் 15: குடும்பக் குழுவில் பெரிய ஆல்பர்ட்

கொலோன் அண்ணன்: 📷 படம்
எல்லோருக்கும் வணக்கம். இன்று புனித பெரிய ஆல்பர்ட் திருநாள். இங்கே ஜெர்மனியில், கொலோன் நகரின் புனித அந்திரேயா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, கீழே நிலவறையில் இருக்கும் அவர் கல்லறைக்கு வந்திருக்கிறேன். அந்தக் கல்பெட்டி ரோமர் காலத்தது, அவரை விடப் பல நூற்றாண்டு பழசு.

அத்தை: சேசுவே ஸ்தோத்திரம். இவர் என்ன புதுமை செய்தவர் தம்பி? எதற்கு வேண்டிக்கொள்வார்கள்?

பெரியப்பா: தங்கச்சி, இயற்கை அறிவியல் படிப்பவர்களுக்கு இவர்தான் பாதுகாவலர். 1941-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். ஆனால் எனக்கு அவர் முதலில் ஒரு வாத்தியார்.

நான்: செமினரியில் உங்களுக்கு இவரைப் பற்றிப் பாடம் இருந்ததா பெரியப்பா?

பெரியப்பா: ஒரே வரி இருந்தது பாப்பா. "தாமஸ் அக்குவினாஸின் ஆசிரியர்." தாமஸ் நம் திருச்சபையின் பெரிய இறையியல் மேதை. ஆனால் அவர் வாத்தியாரைப் பற்றி அவ்வளவுதான், அடுத்த பக்கம் போய்விடுவோம். அது இன்றைக்கும் என் மனசில் உறுத்துகிறது.

பெரியப்பா: ஜெர்மனியில், டான்யூப் ஆற்றங்கரையில் லாவிங்கன் என்ற ஊரில், 1200 வாக்கில் பிறந்தவர். தொமினிக்கன் சபையில் சேர்ந்தார். அரிஸ்டாட்டிலின் நூல்கள் அப்போதுதான் அரபியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனுக்கு வந்துகொண்டிருந்தன. பாரிசில் 1210-லேயே அவருடைய இயற்கை நூல்களைப் பாடம் நடத்தக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தடையை மீறிக் கையில் எடுத்தாலும் லேசில் புரியாது. சபைச் சகோதரர்கள், எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்று இவரிடம் வருஷக்கணக்கில் கேட்டார்கள். கடைசியில் சரி என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கக் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆனது. தர்க்கம், விண், தாவரம், விலங்கு, ஆன்மா, அறவியல், அரசியல் என்று ஒன்றையும் விடவில்லை. அரிஸ்டாட்டிலிடம் விடுபட்ட இடங்களில் தாமே எழுதிச் சேர்த்தார்.

அத்தை: வேதாகமம் கையில் இருக்கும்போது ஒரு சாமியாருக்கு கிரேக்கர் எழுதியது எதற்கு அண்ணே? பாப்பாவும் பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

அப்பா: நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பெரியப்பா: இதே கேள்வி அவர் சபைக்குள்ளேயே இருந்தது. தத்துவமே கூடாது என்றவர்களை, தமக்குத் தெரியாததைப் பழிக்கும் விலங்குகள் என்று எழுதினார். அவ்வளவு கோபம். அப்புறம் 1259-ல் பிரான்சின் வலென்சியன் நகரில் சபையின் பொதுக்கூட்டம் நடந்தது. படிப்பை ஒழுங்குபடுத்த ஐந்து பேரை அமர்த்தினார்கள். அதில் ஆல்பர்ட்டும் இருந்தார், அவர் மாணவர் தாமசும் இருந்தார். தேவைப்படும் இடங்களில் இளம் சகோதரர்கள் தத்துவம் படிக்கக் கல்விக்கூடம் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது அப்படித்தான்.

கொலோன் அண்ணன்: பெரியப்பா, தீக்கோழியைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அதை அவரே எழுதியிருக்கிறார். தீக்கோழி இரும்பைத் தின்று செரித்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் இரும்பைக் கொண்டுபோய் தீக்கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவை தொடவில்லை. எலும்பையும் கல்லையும் தின்றன. பார்த்ததை அப்படியே எழுதி வைத்தார். அரிஸ்டாட்டிலைத் தெய்வம் என்று நினைத்தால் அவர் தவறவே இல்லை என்று நம்பித்தான் ஆக வேண்டும், மனிதர் என்று நினைத்தால் நம்மைப் போல அவரும் தவறியிருக்கலாம் என்றும் எழுதினார்.

அப்பா: இவ்வளவு படித்தவரை எந்தப் பதவிக்கும் கூப்பிடவில்லையா அண்ணே?

பெரியப்பா: கூப்பிட்டார்கள். 1260-ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகருக்கு ஆயர். ஆயரான பிறகும் மறைமாவட்டம் முழுக்க நடந்தே சுற்றினார். அவருடைய முரட்டுச் செருப்பை வைத்தே மக்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் பதவியைத் துறந்தார். கடைசிக் காலம் கொலோனில்தான். 1280-ல் இதே தேதியில் அங்கேயே இறந்தார்.

கொலோன் அண்ணன்: இங்கே பேராலயத்திலிருந்து இந்தக் கோயிலுக்கு நாலு நிமிஷ நடை. அந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் வைத்தது 1248 ஆகஸ்ட் 15. அதே வருஷம்தான் ஆல்பர்ட் பாரிசிலிருந்து இங்கே கல்விக்கூடம் தொடங்க வந்தார், தாமசும் கூடவே.

நான்: தாமஸ் அதிகம் பேசாததால் அவரை ஊமை எருது என்று கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்தது அப்போதுதானா?

பெரியப்பா: அப்படித்தான் சொல்வார்கள். இந்த எருதின் குரல் உலகம் முழுக்கக் கேட்கும் என்று வாத்தியார் பதில் சொன்னாராம். அது பிற்காலத்தில் சேர்ந்த கதையாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு. ஆல்பர்ட் நடத்திய பாடங்களைத் தாமஸ் தம் கையால் எழுதிய ஏடு நேப்பிள்ஸ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. தாமசின் எழுத்து எப்படிப்பட்டது தெரியுமா? அதற்குப் பெயரே "படிக்க முடியாத எழுத்து." பாதிச் சொற்களை விழுங்கியிருப்பார். அந்தக் கையோடு வாத்தியார் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

அத்தை: அவ்வளவு ஆசையாய்ப் படித்தாரா?

பெரியப்பா: ஆமாம் தங்கச்சி. ஆல்பர்ட்டும் தனியாக உட்கார்ந்து மட்டும் தேடியவர் இல்லை. இனிய தோழமையில் உண்மையைத் தேடுவது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். லத்தீனில் அந்த வரியை அந்தக் காலத்தில் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நான்: அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா பெரியப்பா?

பெரியப்பா: பரணில் இருக்கும். தேடுகிறேன்.

அத்தை: தம்பி, அங்கே பாப்பா பேரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி ஏற்று.

அப்பா: அண்ணே, ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வாருங்கள். நோட்டையும் எடுத்து வாருங்கள், பாப்பாவோடு நானும் பார்க்கிறேன்.