பெல்ட் போட்டிருந்தார், சரி. கொக்கி எங்கே இருந்தது?

பிறை, கூரை வேலை

உயரத்தில் வேலை செய்யும்போது, விழுந்தால் தாங்குவதற்காக உடம்பில் மாட்டும் பட்டையை எங்கள் வேலையிடத்தில் யாரும் ஹார்னஸ் என்று சொல்வதில்லை. பெல்ட் என்றுதான் சொல்கிறோம். நான் 2000-ஆம் ஆண்டு மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது உண்மையிலேயே பெல்ட்தான். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு வளையம், அதில் ஒரு கயிறு. அதோடு விழுந்தால் உடம்பின் பாரம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அமெரிக்காவில் 1998-லேயே விழுபவரைத் தாங்க இடுப்புப் பட்டை கூடாது என்று தடுத்துவிட்டார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். பிறகு தொடை, மார்பு, தோள் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வந்தது. பழைய பெயர் மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. காலையில் "பெல்ட் போட்டாயா?" என்று கேட்கிறோம், "போட்டேன்" என்கிறான், விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது.

2011-இல் பிறையில் ஒரு தொழிற்சாலையின் தகரக் கூரையில் தண்ணீர்க் கால்வாய் மாற்றும் வேலை. தரையிலிருந்து 9 மீட்டர். கூலிமிலிருந்து வந்த பையன் ஒருவன் எனக்கு உதவி, வயது 23. கூரையின் முகட்டில் கம்பிக்கயிறு இழுத்துக் கட்டியிருந்தோம். அவன் ஒழுங்காகக் கொக்கியை மாட்டியிருந்தான். வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதே, அது வெயிலில் பழுத்துத் தகரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. அதன்மேல் கால் வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆள் இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது, கம்பிக்கயிறு வில்லாக வளைந்து ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் இயந்திரங்களுக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறான். ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்டில் உள்ள பை கிழிந்து, உள்ளே மடித்துத் தைத்திருந்த பட்டை நீண்டு தொங்கியது. அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்துதான் விழுந்த வேகத்தை விழுங்கியிருக்கிறது. அவன் பேசினான். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் முருகா என்று கூரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவனை எப்படி இறக்குவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலிருந்து இழுத்தால் தகட்டின் கிழிந்த விளிம்பு கயிற்றை அறுக்கும். ஏணி எட்டவில்லை. தொழிற்சாலையில் ஆளை மேலே உயர்த்தும் ஒரு சிசர் லிஃப்ட் இருந்தது, அதன் சாவி இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவசர உதவி எண் 999-க்கு அழைத்துவிட்டோம். ஆனால் அவன் அதுவரை தாங்கவேண்டுமே. "அண்ணே, கால் என்னுடையது மாதிரியே இல்லை" என்றான். முகம் வெளுத்தது, வியர்த்தது. பத்து நிமிடத்துக்கு மேல் பேச்சு குழறி, தலை தொங்கிவிட்டது. பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வேறு ஒரு லிஃப்டைத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கியபோது ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டான்.

அசையாமல் தொங்கும்போது காலில் இறங்கும் இரத்தத்தை மேலே தள்ள வேண்டிய தசைகள் வேலை செய்வதில்லை, இரத்தம் கீழேயே தேங்குகிறது, இதயத்துக்கும் மூளைக்கும் குறைகிறது என்று மருத்துவர் விளக்கினார். தொங்குபவர் கால் ஊன்றி எழும்ப ஒரு வளையப் பட்டை ஹார்னஸோடு விற்கிறார்கள். சின்னப் பையில் மடித்து இடுப்புப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம். அன்று எங்களிடம் அது இல்லை. கால்களை உதைத்துக்கொண்டே இரு என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்போது ஆள் ஏறுவதற்கு முன்னால் நான் கேட்பவை வேறு. கொக்கி எதில் மாட்டுகிறாய்? விழுந்தால் உன்னை யார், எதைக் கொண்டு இறக்குவார்? சாவி யாரிடம் இருக்கிறது? உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பாகான் டாலாம், இல்லத்தரசி

ஆண்கள் எழுதுமிடத்தில் நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவர் சாரம் கட்டுபவர். அவர் ஹார்னஸைத் துவைப்பது நான்தானே, அதனால் எழுதுகிறேன்.

சிமெண்டும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பட்டை பலகை மாதிரி விறைத்துவிடும். கழுத்தோரம் உராய்ந்து அவருக்குப் புண்ணே வந்துவிட்டது. பாவமாக இருக்கிறதே என்று வாளியில் வெளுக்கும் திரவத்தைக் கலந்து இரவெல்லாம் ஊற வைத்து, மறுநாள் உச்சி வெயிலில் காயப்போட்டேன். இப்படி ஓராண்டு செய்தேன். பளிச்சென்று இருக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாள் வேலையிடத்துப் பாதுகாப்பு அதிகாரி அதை வாங்கி, பட்டையைக் கையால் வளைத்துப் பார்த்து, கத்தரிக்கோலால் அங்கேயே வெட்டிப்போட்டுவிட்டாராம். வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடாது என்றுதான் வெட்டுகிறார்களாம். கணவர் வந்து சொன்னபோது எனக்குக் கோபம். புதிதாக வாங்கக் காசு யார் தருவது என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகக் காரணத்தைச் சொன்னார். அந்தப் பட்டை நைலான் அல்லது பாலியெஸ்டர். வெளுக்கும் திரவம் இழையைத் தின்னும். வெயில் இன்னும் மெதுவாக அதையே செய்யும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், பலம் போயிருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கையாலேயே அவர் உயிரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் காயப்போடுவது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் பெட்டியில் எண்ணெய்த் துணியோடு திணிக்க விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கடியில் உட்கார்ந்து நானே பார்க்கிறேன். பட்டையை இரண்டு கைகளாலும் ஒரு சாண் அளவுக்குப் பிடித்துக் கவிழ்த்த வில்லாக வளைத்தால் மேல்பக்கம் இறுகி, வெட்டும் பிசிறும் வாய் திறந்து காட்டும். அப்படியே நகர்த்திக்கொண்டே போகவேண்டும். வெல்டிங் பொறி பட்டால் சின்னக் கறுப்பு முடிச்சு கையில் தட்டுப்படும். தையல் நூல் பட்டையை விட வேறு நிறத்தில் இருப்பது அறுந்தால் தெரியத்தான் என்பதும் இப்போது புரிகிறது. மகள் ஆசையாக அப்பா பெயரை மார்க்கர் பேனாவால் பட்டையிலேயே எழுதியிருந்தாள். அந்த மையும் சில பட்டைகளுக்கு ஆகாதாம், லேபிளில்தான் எழுதவேண்டும். தையல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சோதனை பத்து நிமிட வேலை. வீட்டில் பெண்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

பத்து காவான், பாதுகாப்பு அதிகாரி

சகோதரி சொன்ன சோதனை சரியானது. அதோடு ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியானவர் ஒருவர் பார்த்து எழுதி வைக்கவேண்டும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸும் லேன்யார்டும் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மறுபடி மேலே போகக்கூடாது.

நான் சந்தித்தது வேறு விதமான நம்பிக்கை. இரண்டு மாடி வரிசை வீடுகள் கட்டும் இடத்தில் ஒரு துணைக் கண்ட்ராக்டர். அவருடைய ஆட்கள் எல்லோரும் ஹார்னஸ் போட்டிருப்பார்கள், எல்லோரும் கொக்கி மாட்டியிருப்பார்கள். 4 மீட்டர் உயரச் சாரத்தில், கால் அருகே இருக்கும் குழாயில், 2 மீட்டர் லேன்யார்டு. "இதற்கு மேல் என்ன வேண்டும் சார்?" என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உண்மையாகவே நம்பினார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று, மணலை ஆள் நீளத்துக்குத் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டினோம், 80 கிலோ. கழித்துப்போட்ட ஒரு ஹார்னஸை அதற்கு மாட்டி, அதே குழாயில் கொக்கியைப் போட்டு, கீழே இடத்தைக் காலி செய்துவிட்டுத் தள்ளினோம். மூட்டை தரையில் மோதி வெடித்தது. லேன்யார்டின் பை பாதிகூடப் பிரியவில்லை. நேபாளத் தொழிலாளிகள், நம் ஆட்கள், எல்லோரும் சிதறிய மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கணக்கு எளியது. கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கி அளந்து பாருங்கள். லேன்யார்டு 2 மீட்டர். ஐரோப்பியத் தரப்படி அதிர்ச்சி தாங்கும் பை 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர். கால் தரையில் படாமலிருக்க இன்னும் 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர் வெட்டவெளி வேண்டும். 4 மீட்டரில் காலடியில் மாட்டுபவருக்கு அந்த லேன்யார்டு வெறும் அலங்காரம். கொக்கியைத் தலைக்கு மேலே போடவேண்டும், அல்லது இழுத்தால் உடனே பூட்டிக்கொள்ளும் சுருள் வகையைப் போடவேண்டும். நான் அந்த இடத்தில் செய்யச் சொன்னது சாரத்துக்கு முறையான கைப்பிடிக் கம்பிகள். விழவே விடாமல் தடுப்பதுதான் முதல் வேலை, ஹார்னஸ் அதற்கு வழியில்லாத இடத்துக்கு.

இடுப்பின் இரு பக்கமும் உள்ள வளையங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவை கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்ய மட்டும்தான். விழுந்தால் தாங்க வேண்டியது தோள்களுக்கு நடுவே முதுகில் இருக்கும் வளையம்.

பிறை அண்ணன் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. தொங்கியவரை இறக்கியதும் படுக்க வைக்கக்கூடாது, உட்கார வைக்கவேண்டும் என்று பழைய பயிற்சிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். 2009-இல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறைக்காகச் செய்த ஆய்வு, அதற்குச் சான்று இல்லை என்றது. மயங்கியவருக்கு வழக்கமான முதலுதவிதான். படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள்.

ஆயர் ஈத்தாம், ஏர்கோன் பொருத்துபவர்

படித்துவிட்டுக் கை நடுங்குகிறது. எங்களுக்குச் சாரமும் இல்லை, கம்பிக்கயிறும் இல்லை. அடுக்குமாடியில் 14-ஆவது மாடி ஜன்னலுக்கு வெளியே கால் வைத்துக் கம்ப்ரெஸரை மாட்டவேண்டும். வீட்டுக்காரர் குழந்தை தூங்கவில்லை, சீக்கிரம் முடியுங்கள் என்பார். நான் கொக்கி மாட்டுவது ஜன்னல் கிரில்லில். ஏழு ஆண்டாக அதில்தான் மாட்டுகிறேன். போன மாதம் ஒரு வீட்டில் கிரில்லை உலுக்கிப் பார்த்தேன், திருகாணி பிளாஸ்டிக் உறையோடு கையில் வந்துவிட்டது. அன்று வேலை செய்யாமல் இறங்கிவிட்டேன். முதலாளி அந்த நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை இறங்கினால் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். என்ன செய்வது என்று கேட்கிறேன்.

பத்து காவான், பாதுகாப்பு அதிகாரி

தம்பி, நீங்கள் இறங்கியது சரி. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 26ஏ பிரிவைப் படியுங்கள். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. முதலாளியின் கடமை மீறலுக்கான அபராத உச்சவரம்பும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியிருக்கிறது. தொழில் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம். கூலி பிடித்த தேதியையும், கிரில்லின் படத்தையும், முதலாளியிடம் சொன்ன செய்தியையும் பத்திரமாக வையுங்கள்.

கிரில் திருடனைத் தடுக்கப் போட்டது. அமெரிக்க விதியில் கொக்கி மாட்டும் இடம் ஒரு ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ தாங்கவேண்டும். விழும் உடம்பு நிற்கும் உடம்பின் எடையில் இழுப்பதில்லை.

பிறை, கூரை வேலை

ஆயர் ஈத்தாம் தம்பி, சட்டத்தைச் சார் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் நீங்கள் எதில் மாட்டுவது என்பதுதான் என் கவலை.

வீட்டுக்குள்ளேயே பாருங்கள். கான்கிரீட் தூணோ உத்திரமோ சுற்றிக் கட்டும்படி இருந்தால், அதற்கென்று விற்கும் பட்டை வளையத்தை அதில் சுற்றிக் கொக்கி போடலாம். விளிம்பில் உராயும் இடத்தில் கனமான உறை வைக்கவேண்டும், கான்கிரீட் முனை பட்டையைக் கத்தி போல அறுக்கும். லேன்யார்டை உங்களால் ஜன்னலுக்கு வெளியே விழவே முடியாத அளவுக்குக் குட்டையாக்குங்கள். கம்ப்ரெஸரை ஒரு கயிற்றில் தனியாகக் கட்டுங்கள், உங்கள் உடம்போடு கட்டாதீர்கள். இன்னொருவர் உள்ளே இருந்தே ஆகவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எழுத்தில் படித்துச் செய்யும் வேலை இல்லை இது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. பினாங்குப் பாலம் கடந்து வர முக்கால் மணி நேரம். அடுத்து எந்த வீட்டில் ஏறப்போகிறீர்களோ அந்த மாடியின் எண்ணை அனுப்புங்கள். என்னிடம் லேபிள் கிழியாத பட்டை வளையம் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.