வழி தவறியதும் பிரேக் போட்ட கேப்டன்

டாக்ஸிவேயில் (ரன்வேக்கும் விமானம் நிற்கும் இடத்துக்கும் நடுவே விமானம் ஊர்ந்து போகும் பாதை) தப்பாகத் திரும்பும் விமானிகளைப் பலரும் திட்டுகிறார்கள். விமானம் இழுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் ஒரு விமான நிலையம், டிசம்பர் மாதப் பனிமூட்டம், இன்னும் விடியவில்லை. தரையிறங்கி வந்த பெரிய விமானம் ஒன்று, திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே குறுகலான ஒரு டாக்ஸிவேக்குள் திரும்பிவிட்டது. கேப்டன் உடனே பிரேக் போட்டு, தப்பான வழியில் வந்துவிட்டோம், இனி நகரமாட்டோம் என்று கன்ட்ரோல் டவரிடம் சொல்லிவிட்டார். விமானம் தானாகப் பின்னால் வராது, அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள். முன் சக்கரத்தில் சிவப்பு நாடா தொங்கும் பின்னைச் செருகினோம் (அதைச் செருகாமல் இழுத்தால் சக்கரம் சட்டென்று திரும்பி, இழுக்கும் கம்பி ஆள் காலை உடைத்துவிடும்), ஹெட்செட்டை மாட்டினேன். கேப்டன் கேட்ட முதல் கேள்வி, "வலது இறக்கைக்கும் அந்த விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது?" போய்ப் பார்த்தேன். ஒரு வேன் நுழையக்கூட இடமில்லை. அவர் இருக்கையிலிருந்து இறக்கை நுனி தெரியாது, அதுவும் அந்தப் பனியில்.

பயணிகள் கத்தினார்கள், எங்கள் சூப்பர்வைசரும் முணுமுணுத்தார். எனக்கு அந்தக் கேப்டன் மேல் மரியாதைதான் வந்தது.

நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜோகன்னஸ்பர்க் இருக்கிறது. 2013 டிசம்பர் 22, லண்டன் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747. வலப்பக்கம் வளைந்து போகும் 'பி' டாக்ஸிவேயில் போகச் சொல்லியிருந்தார்கள், இவர்கள் நேரே குறுகலான 'எம்' வழியில் போய்விட்டார்கள். வலது இறக்கை ஒரு கட்டிடத்துக்குள் பாய்ந்து, உள்ளே இருந்த நான்கு பேருக்குக் காயம். லேசான காயம்தான், நல்லவேளை.

ஆனால் என் மனதை விட்டுப் போகாதது அமெரிக்காவின் டெட்ராய்ட். 1990 டிசம்பர் 3, கடும் பனிமூட்டம். நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானத்தின் கேப்டன், உடல்நலக் காரணத்தால் பல வருடம் பறக்காமல் இருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இந்த விமான நிலையம் எனக்கு அத்துப்படி என்பது போலப் பேசிய கோ-பைலட்டை நம்பி, அவர் காட்டிய வழியில் போனார். திருப்பம் தவறிவிட்டது, எங்கே இருக்கிறோம் என்று இருவருக்கும் சந்தேகம், ஆனாலும் விமானம் நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் வந்து நின்ற இடம், 727 ரக இன்னொரு விமானம் புறப்படவிருந்த ரன்வே! அதை டவரிடம் சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு வந்த 727-இன் இறக்கை டிசி-9-இன் வலது பக்கத்தை அறுத்துக்கொண்டு போனது. டிசி-9-இல் இருந்த 8 பேர் இறந்தார்கள். 727-இன் கேப்டன் ரன்வேயிலேயே விமானத்தை நிறுத்திவிட்டார், அதில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.