வேலூர், காட்பாடி பக்கம் முதியோர் பராமரிப்பு இல்லம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் வரவில்லை. சர்க்கரையும் உண்டு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு வந்த ஆயாக்கள் யாரும் நிலைக்கவில்லை. அதனால் சத்துவாச்சாரி, பாகாயம், காட்பாடி பக்கம் நல்ல இல்லமாகத் தேடுகிறோம்.

ஓர் இடம் பார்த்தோம். தரை பளபளவென்று இருந்தது, வாசலில் கோலம்கூட. ஆனால் படுத்திருந்த ஒரு பாட்டிக்குத் தண்ணீர் டம்ளர் எட்டாத தூரத்தில், ஜன்னல் திட்டில் இருந்தது. ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்குவோம் சார்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதாது.

படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். சர்க்கரை இருந்தால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. ராத்திரியில் இதைச் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோட்டில் எழுதி வைப்பார்களா? இன்சுலின் போடுவது படித்த நர்ஸா, ஆயாவா? சொல்லாமல் திடீரென்று சாப்பாட்டு நேரத்தில் போனால் உள்ளே விடுவார்களா?

அப்புறம் பணம். டயப்பர், பிசியோதெரபி எல்லாம் மாதக் கட்டணத்தில் சேருமா? இடையில் அழைத்து வந்துவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

இல்லம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கப் போகிறேன். 14567 முதியோர் உதவி எண்ணில் யாராவது பேசியிருக்கிறீர்களா?

சொந்தக்காரர்களை அங்கே வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வந்தாலும் சரி. விளம்பரம் வேண்டாம், ப்ளீஸ்.