மறு: சிங்கிள் ஸ்பீடு சைக்கிள் – ‘ஒற்றைவேகம்’ வேண்டாம், ‘ஓரிணை’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கியர் மாற்ற முடியாத ‘சிங்கிள் ஸ்பீடு’ சைக்கிளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று நாளாக நீளும் இந்த இழையில் ‘ஒற்றைவேக மிதிவண்டி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் முடிவுக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படிப்பட்ட வண்டியைத்தான் மிதிக்கிறேன். அது ஒரே வேகத்தில் ஓடியதாக ஒருநாளும் நினைவில்லை.

என் வண்டியில் செயின்வீலில் (பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரம்) 44 பல், ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரம்) 18 பல், சக்கரம் 28 அங்குலம். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 90 சுற்று மிதித்தால் 30 கி.மீ.யை நெருங்கும். வேகம் காலைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாதது 44-க்கு 18 என்ற பல்விகிதம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘ஸ்பீடு’ என்று இங்கே குறிப்பது அந்த விகிதத்தை. நாம் அதை ‘வேகம்’ என்று எழுதினால், படிக்கிற பள்ளிப்பிள்ளை “இந்த வண்டி ஒரே வேகத்தில்தான் போகுமா?” என்று கேட்கும். கேட்பதில் தவறே இல்லை.

இந்த வண்டியின் நன்மையும் தொல்லையும் பிறப்பது அந்த மாறாத விகிதத்திலிருந்துதான். அதனால் பெயரும் அதைச் சுட்டவேண்டும் என்கிறேன். ஆடி மாதம் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மிதித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கியர் சைக்கிள்காரர் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றிக்கொண்டு நிதானமாகப் போவார். எனக்கு 44-க்கு 18-ஐ விட்டால் வேறு கதியில்லை. சீட்டைவிட்டு எழுந்து நின்று, உடம்பின் எடையைப் பெடலில் இறக்கி மிதிக்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். காற்றே தள்ளிக்கொண்டு வர, பெடல் மிதிக்க மிதிக்கச் சும்மா சுற்றும், கால் அதற்கு ஈடுகொடுக்காது. ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே விகிதம். போகும்போது அது கனம், வரும்போது போதாமை.

ஆனால் அந்த விகிதம் மாறாததால்தான் செயின் வளையாமல் நேர்கோட்டில் ஓடுகிறது. 1/8 அங்குல அகலச் செயின் போதும். அது தடிமனானது, மலிவானது, நெடுநாள் உழைக்கும். கியர் வயர் இல்லை, செயினைப் பல்விட்டுப் பல் தள்ளும் பொறி இல்லை. மழைச்சேறு பட்டால் துடைத்து எண்ணெய் விட்டால் தீர்ந்தது. எந்த ஊர்ச் சாலையோரக் கடையிலும் பழுது பார்த்துவிடலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி இந்த வகை என்பது பொருத்தமானதே. ஊருக்குள் பழுது பார்க்க முடியாத வண்டி அந்தப் பிள்ளைக்கு எதற்கு?

இனி இழையில் வந்த மற்றச் சொற்கள்.

‘சாதா சைக்கிள்’ என்பதுதான் கடைத்தெருவில் வழங்கும் பெயர். கியர் சைக்கிள் வந்தபிறகு பழையதைப் பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. பேச்சுக்கு நல்ல சொல், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் எது சாதா என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கலைச்சொல்லுக்கு அந்த ஆட்டம் ஆகாது.

‘கியரில்லா மிதிவண்டி’ உண்மைக்கே மாறானது. கியர் இருக்கிறது, ஒன்று இருக்கிறது. கியரே இல்லாத வண்டி வேண்டுமானால் முன்சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வண்டியைச் சொல்லலாம். அதில் பெடல் நேராக முன்சக்கரத்து அச்சிலேயே இருக்கும். பெடலின் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகச் சக்கரத்தையே பெரிதாக்கினார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. அதன்பின் பெரிய சக்கரத்தின் வேலையைப் பல்விகிதம் எடுத்துக்கொண்டது. இன்றும் விகிதத்தை அங்குலத்தில் சொல்லும் வழக்கம் அந்தப் பழைய சக்கரத்தின் எச்சம்தான். என் வண்டியின் விகிதம் ஏறக்குறைய 68 அங்குலம்: 44-ஐ 18-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கிய விடை. அதாவது, அவ்வளவு அங்குல விட்டமுள்ள சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமம்.

‘ஒற்றைப் பல்லிணை மிதிவண்டி’ பொருளில் சரி. காதில்தான் இடறுகிறது. பல்+இணை என்று பிரித்தால் கியர். ஆனால் பல்லாயிரம், பல்லுயிர் என்று பழகிய காது அதைப் பல+இணை என்று கேட்கிறது. ‘ஒற்றை’ என்ற கையோடு ‘பல’ வந்து நிற்கிறது. இந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விடையும் அதற்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

என் முன்மொழிவு: ஓரிணை மிதிவண்டி. முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் சேர்ந்தது ஓர் இணை. இந்த வண்டியில் இருப்பது அந்த ஓர் இணைதான். அப்படியானால் கியர் சைக்கிள் தானாகவே பல்லிணை மிதிவண்டி ஆகிறது. பல்லின் இணை என்று கொண்டாலும் சரி, பல இணை என்று கொண்டாலும் சரி, பொருள் கெடவில்லை. அங்கே இடறிய சொல் இங்கே இரண்டு வகையிலும் பொருந்துகிறது. ‘ஓரின’ என்று காதில் விழும் என ஒருவர் சொல்லக்கூடும். ணகரத்தை ஒழுங்காக ஒலித்தால் விழாது. இலங்கை நண்பர்கள் துவிச்சக்கர வண்டி என்று எழுதினாலும் முன்னால் ‘ஓரிணை’ ஒட்டிக்கொள்ளும்.

ஓரிணையில் இரண்டு வகை உண்டு, இழையில் இரண்டையும் குழப்பியிருக்கிறோம். நம் ஊர் வண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் டிக்டிக்கென்று உருளும். தடப் பந்தய வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். அதற்கு பிரேக்கும் கிடையாது, வேகத்தைக் காலால்தான் குறைக்கவேண்டும். முன்னதை விடுபல், பின்னதை பிணைபல் என்று வினைத்தொகையாக வைக்கலாம். கடையில் ஃப்ரீவீல் என்றே கேட்போம், அதை மாற்ற முயலவேண்டாம். பாடநூலுக்கு விடுபல்.

இனி, ஓரிணையா இல்லையா என்று ஐயம் எழும் வண்டிகள். பிரான்சில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் பந்தயத்தில் செயின் மாற்றும் பொறிக்கு 1937-இல்தான் இடம் கிடைத்தது. அதற்குமுன் வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல் வைத்திருப்பார்கள். மலை வந்தால் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். அந்த வண்டி ஓரிணையா, பல்லிணையா? ஓடும்போது பூண்டிருப்பது ஓர் இணை என்பதால் ஓரிணை என்றே சொல்வேன்.

என் வரையறைக்கு உண்மையான சோதனை ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் உள்கியர் பூட்டிய மூன்று கியர் வண்டி. வெளியே பார்த்தால் ஓர் இணை, மாற்றமெல்லாம் பின்சக்கர மையத்துக்குள் நடக்கும். ஆகவே அகராதிப் பதிவில் ‘பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரே பல்விகிதம் உள்ளது’ என்று எழுதிவிடவேண்டும். அந்த உள்கியருக்கும் ஒரு சொல் தேவை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்கிறோம், ஆரக்கால்கள் அதில்தான் பாயும். சைக்கிளிலும் அதே இடம், அதே வேலை. எனவே குடப்பல்லிணை. தச்சு வேலை அறிந்தவர்கள் குழுவில் இருந்தால் இது சரிதானா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.