இணையத் தாக்குதலுக்கு ரிசர்விஸ்ட்டை அழைக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் மருத்துவமனையோ மின்கட்டமைப்போ தாக்கப்பட்டால், எந்தச் சட்டப்படி ஆளைக் கூப்பிடுவார்கள்? எங்கள் கணினிப் பாதுகாப்புக் குழுவில் பாதிப் பேர் ரிசர்விஸ்ட், அதாவது தேசிய சேவை முடித்து மீண்டும் அழைக்கப்படக்கூடியவர்கள்.

மாறன்: இரண்டு சட்டங்களைக் குழப்பாதீர்கள். ஆளை அழைப்பது 1970ஆம் ஆண்டுப் படைச்சேர்ப்புச் சட்டம். வழக்கமான அழைப்பு ஆண்டுக்கு 40 நாள் வரை. 2018ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் ஆளைத் திரட்டாது. முக்கியத் தகவல் கட்டமைப்பின் (மின்சாரம், மருத்துவம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை இயக்கும் கணினி அமைப்புகளின்) உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்: சம்பவம் தெரிந்த 2 மணி நேரத்தில் முதல் தகவல் கொடுத்தாக வேண்டும்.

கயல்: 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட, யு.என்.சி.3886 என்ற இணைய உளவுக் குழுவின் ஊடுருவலின்போது ஆயுதப்படைப் பிரிவுகளும் உதவிக்கு வந்தன. உண்மையான சிக்கல் வேறு. அழைக்கப்படுபவரே உங்கள் ஃபயர்வால் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆளாக இருப்பார்! அட்மின் கணக்கை இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். லாக் கோப்புகளை (கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை) தனிச் சர்வரில் வையுங்கள். தடயத்தை மறைக்கத் தாக்குபவர் அழிக்கப் பார்ப்பது அவற்றைத்தான்.

மாறன்: அவசர எண்களைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். மின்னஞ்சல் முடங்கினால் கைகொடுப்பது அதுதான்.